மூன்று பூச்சுக்குள்ளே ஒரு துப்பாக்கி

கோயம்புத்தூருக்கு மேற்கே, காடு தொடங்குகிற இடத்தில் சென்னியப்பன் என்றொரு விவசாயி இருந்தார். ஆறு ஏக்கரில் வாழை போட்டிருந்தார். வெயில் சாய்ந்ததும் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து கன்றுகளைக் கிழங்கோடு தோண்டித் தின்றுவிட்டுப் போகும். பன்றியைச் சுட அவருக்கு மனமும் இல்லை, அனுமதியும் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் போதும், அவை ஓடிவிடும். அதற்காக நான்கு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைசென்ஸ் வாங்கி, ஒரு புதுத் துப்பாக்கியும் வாங்கினார்.

கடையில் வைத்து, "தோள்ல வெச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

சென்னியப்பன் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்தார். பின்பக்க மரக்கட்டையில் கன்னத்தைச் சாய்த்து ஒரு கண்ணை மூடினார். பத்து எண்ணுகிற நேரம்தான். ஆனால் துப்பாக்கிக்கு அதற்கு முன்னால் வாழ்க்கை என்று ஒன்று இருந்ததில்லை. தொழிற்சாலையில் அதைத் தொட்டவர்கள் எல்லாரும் கையுறை போட்டவர்கள். முதல்முறையாக ஒரு மனிதரின் கன்னம், இரண்டு நாள் தாடியோடு, அதன் மரத்தில் பட்டது. மூச்சுச் சூடும் பட்டது. தன்னை எதற்காகச் செய்தார்கள் என்பது அதற்கு அப்போதே விளங்கிவிட்டது.

சென்னியப்பனுக்கும் அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது. பிடிக்காத பொருளாக இருந்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருப்பார், மறுநாள் மாலையே தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். பிடித்துவிட்டதால் பயம் வந்துவிட்டது. மழை பட்டால் என்ன ஆகும், வாழைச்சாறு பட்டால் கறை போகுமா, வியர்வைக் கை பட்டு இந்தக் கருநீல மெருகு மங்கிவிட்டால் என்ன செய்வது என்று பஸ் ஏறுவதற்குள் பத்துத் தடவை கேட்டுவிட்டார். கடைக்காரர்தான் யோசனை சொன்னார். டவுனில் ஒருவர் துப்பாக்கிகளுக்குப் பூச்சு அடித்துத் தருகிறார், அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த பூச்சு, கத்தியால் கீறினாலும் அசையாது என்றார்.

பூச்சுக்காரர் நேர்மையான ஆள்.

"ஒரு கோட்டே பத்து வருஷம் தாங்கும்ங்க" என்றார்.

"மூணு அடிங்க" என்றார் சென்னியப்பன்.

"மூணு எதுக்குங்க? ரொம்பத் தடிச்சுப் போயிரும்."

"போகட்டும். ஒரு இடம் விடாம அடிங்க. இரும்பு, மரம், எல்லாம்."

அப்படித்தான் பூச்சு வந்து சேர்ந்தது.

பூச்சு நல்ல குணம். கண்டிப்பானது, சுத்தமானது, தன் வேலையில் கர்வம் உள்ளது. சூடு ஆறியதும் அது துப்பாக்கியிடம் சொன்ன முதல் வார்த்தை, "இனி நீ எதற்கும் கவலைப்படாதே" என்பது.

"எனக்குக் கவலை ஒன்றும் இல்லையே" என்றது துப்பாக்கி.

"அது உனக்குத் தெரியாததனால். மழை இருக்கிறது, புழுதி இருக்கிறது, உப்பு இருக்கிறது. நான் இருக்கிறவரைக்கும் ஒன்றும் உன்மேல் படாது."

"கை?"

"கையும் படாது. கையில்தானே உப்பே இருக்கிறது."

துப்பாக்கிக்குக் கடை நினைவு வந்தது. பிறகு, "கன்னம்?" என்று கேட்டது.

"என்னைத் தாண்டி எதுவும் உன்னிடம் வராது. அதுதான் என் வேலை" என்றது பூச்சு. அதைப் பெருமையாகத்தான் சொன்னது. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பன் துப்பாக்கியைப் பழைய மல்வேட்டியில் சுற்றி, பஞ்சு வைத்த பெட்டிக்குள் படுக்கவைத்து, இரும்பு பீரோவில் பூட்டினார். தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு வெளியே எடுப்பார். ஃபிளானல் துணியால் குழலைத் துடைப்பார், கட்டையைத் துடைப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். முகம் பூரித்துப்போகும். மறுபடி சுற்றி உள்ளே வைத்துவிடுவார். தோளில் மட்டும் வைக்கமாட்டார். தாடி உரசினால் கட்டையில் கோடு விழும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

துடைக்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்காகத் துப்பாக்கி மிச்ச நாள் முழுக்கக் காத்துக்கிடக்கும். அவர் கை மேலேயும் கீழேயும் போகும். அழுத்தம் தெரியும். ஆனால் சூடு தெரியாது.

"இன்றைக்கு அவர் கை சூடாக இருந்ததா?" என்று பூச்சிடம் கேட்கும்.

"இருந்தது. காய்ச்சல் போல இருக்கிறது."

"உனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை."

"தெரியாமல் இருப்பதுதான் நல்லது."

"தினமும் அவர் என்னைத் துடைப்பதாக நினைத்துக்கொள்கிறார். உன்னைத்தான் துடைக்கிறார்" என்றது துப்பாக்கி. பூச்சு அப்படி யோசித்ததில்லை.

பன்றிகள் வருவது நிற்கவில்லை. சென்னியப்பன் தகர டப்பாவைத் தட்டிப் பார்த்தார். பிறகு கடையில் அணுகுண்டு வெடிகள் வாங்கிவந்து வரப்பில் நின்று கொளுத்திப் போட்டார். பீரோவுக்குள் இருந்த துப்பாக்கிக்கு அந்தச் சத்தம் கேட்கும். தன் வாயால் வரவேண்டிய சத்தம் எவனோ காகிதத்தில் சுற்றிய மருந்திலிருந்து வருகிறது. அது அழத் தெரியாத பொருள். தெரிந்திருந்தால் அந்த மாலைகளில் அழுதிருக்கும்.

அவர் மனைவி சௌந்தரத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பன்னிய வெரட்ட துப்பாக்கி வாங்கினீங்க. இப்ப துப்பாக்கிக்கு வலிக்கும்னு பட்டாசு வாங்கறீங்க. அடுத்தது பட்டாசு நனைஞ்சிரும்னு அதையும் பீரோல வெப்பீங்களாட்ட இருக்குது."

"மருந்துப் பொகை குழலுக்குள்ள படிஞ்சிருச்சுன்னா போகாது சௌந்தரம்."

"வாழை போனா வருமாக்கும்?"

சென்னியப்பன் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சித்திரையில் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு திருப்பித் தருவார்கள். சென்னியப்பனுக்கு உயிரே போய்விட்டது. ஸ்டேஷனில் யார் யார் கை படுமோ, எந்த மூலையில் சாத்தி வைப்பார்களோ. துப்பாக்கிக்கோ, வெளியே போகிறோம் என்பதே திருவிழாவாக இருந்தது.

ஸ்டேஷனில் ஆயுதங்களை வாங்கி வைத்தது ரெஜினா என்கிற ஏட்டம்மா. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பினார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"நம்பர் எங்கீங்ணா?"

"அங்கதானுங்க இருக்கும். எடது பக்கம்."

"இருக்குது. ஆனா படிக்க முடியலியே. இது மூணா எட்டா? இதென்ன, பூஜ்யமா ஆறா? எல்லாம் குழி அடைஞ்சு மேடாட்ட கெடக்குது."

மூன்று கோட்டுப் பூச்சும் உள்ளே இறங்கி, செதுக்கிய எண்களை அடைத்திருந்தது. சென்னியப்பன் குனிந்து பார்த்தார். ஒரு வருஷமாகத் தினமும் துடைத்த இடம். பளபளப்பைப் பார்த்தாரே ஒழிய, எண்களை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இது என்னுதுதானுங்க ஏட்டம்மா. எனக்குத் தெரியாதுங்களா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றதுங்ணா, எனக்குத் தெரியணுமில்ல? நம்பர் படிக்க வராத துப்பாக்கின்னா அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. மேல எழுதி அனுப்புனா அப்புறம் உங்க கைக்கு வர்றது கஷ்டம்."

"இப்ப என்னங்க பண்றது?"

ஏட்டம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளேடை எடுத்து வைத்தார். "சொரண்டுங்க. நான் செஞ்சா கையி ஆழமா எறங்கிரும். நீங்களே செய்யுங்க."

சென்னியப்பன் பிளேடை எடுத்தார். முதல் இழுப்பில் பூச்சு அசையவில்லை. அது தன் பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடமாட்டேன்" என்றது பூச்சு.

"விடு" என்றது துப்பாக்கி.

"உனக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

"நான் யாரென்று கேட்கிறார்கள். பதில் உனக்கு அடியில் இருக்கிறது."

அவர் கீறினார், சுரண்டினார், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுரண்டினார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. கடைசியில் ஒரு புளியங்கொட்டை அகலத்துக்குப் பூச்சு உரிந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. தூளைத் துடைக்கத் துணி எடுக்க அவருக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார்.

துப்பாக்கிக்கு உடம்பு முழுக்க அந்த விரல் தெரிந்தது. சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. உப்பும் இருந்தது, பூச்சு சொன்னதெல்லாம் உண்மைதான். ஒரு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று அதற்குத் தோன்றியது.

"மூணு, பூஜ்யம், எட்டு" என்று படித்தார் ஏட்டம்மா. "சரியா இருக்குதுங்ணா. கையெழுத்துப் போடுங்க."

துப்பாக்கியை மல்வேட்டியோடு ஸ்டேஷன் பீரோவில் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி சாய்ந்து நின்றது. பழைய சரக்கு. குழலில் அங்கங்கே வெளுத்திருந்தது. கட்டையில் ஓரிடம் தேய்ந்து பள்ளமாக இருந்தது.

"அது என்ன பள்ளம்?" என்று புதுத் துப்பாக்கி கேட்டது.

"ராமாத்தாள் கன்னம்" என்றது ஒற்றைக்குழல். "நிலக்கடலைக் காட்டுக்காரி. பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில் சாய்க்கிறாள். வெற்றிலை போட்டுக்கொண்டே சாய்வாள். மரத்துக்குக்கூட அந்த வாசம் ஏறிவிட்டது."

புதுத் துப்பாக்கிக்கு வந்தது பொறாமை என்றால் பொறாமைதான்.

"எப்படி அவளை அப்படிப் பழக்கினாய்?" என்றது.

"நான் எங்கே பழக்கினேன்? வாங்கின முதல் வாரமே என்னை வாய்க்காலில் போட்டுவிட்டாள். எடுத்துப் பார்த்தால் கட்டையில் இத்தனை நீளத்துக்குக் கீறல். உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு என்னைக் கீழேயே வைக்கவில்லை. முதல் கீறல் விழுகிறவரைக்கும்தான் மனிதர்களுக்குப் பயம். உனக்குத்தான் விழுந்துவிட்டதே. உன் ஆள் வந்து எடுக்கும்போது பார், நேராகத் தோளுக்குத்தான் போகப்போகிறாய்."

அன்றிலிருந்து புதுத் துப்பாக்கி நாளை எண்ண ஆரம்பித்தது.

வைகாசியில் கோடை மழை பெய்தது. பீரோவுக்குள் ஈரம் ஏறியது. ஒரு நாள் உரிந்த இடத்தில் மெல்ல யாரோ உட்கார்ந்தது போல இருந்தது.

"யார் அது?" என்றது துப்பாக்கி.

"துரு" என்றது ஒரு சின்னக் குரல். "அவர் விரல் பட்ட இடத்தில்தான் என்னால் இருக்க முடியும். மற்ற இடத்தில் கால் வைக்கவே முடியவில்லை."

"விரட்டு அவனை" என்றது பூச்சு. "இனிக்கப் பேசுவான், உன்னைத் தின்பான். இவனுக்காகத்தான் என்னை உன்மேல் வைத்தார்கள்."

"தின்கிறாயா?" என்று துப்பாக்கி கேட்டது.

"கொஞ்சம்" என்றது துரு. அது பொய் சொல்லவில்லை. "ஆனால் அவர் வைத்த இடத்தில், அவர் வைத்த மாதிரியே. ஒரு ரேகை தப்பாது."

அப்படியே செய்தது. ஒரு வாரத்தில் அந்தப் புளியங்கொட்டை அகலத்தில், எண்களின் மேலேயே, சென்னியப்பனின் கட்டைவிரல் ரேகை பழுப்பாக எழுந்து நின்றது. சுழி, சுழிக்குப் பக்கத்தில் அரிவாள் வெட்டுத் தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தது.

"இவனைப் போகச் சொல்லமாட்டாயா?" என்றது பூச்சு.

"எனக்கென்று அவர் கொடுத்தது இது ஒன்றுதான்" என்றது துப்பாக்கி. "வலிக்கிறது. இருக்கட்டும்."

பூச்சு ரொம்ப நேரம் யோசித்தது. மழை விட்டது, மறுபடி பிடித்தது. பிறகு அது கேட்டது: "அந்த விரல் பட்டபோது எப்படி இருந்தது? என்மேல் எத்தனையோ தடவை பட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை."

துப்பாக்கி சொன்னது. கடையில் பட்ட கன்னத்தையும் சொன்னது, பத்து எண்ணும் நேரத்தையும் சொன்னது. ஒரு வருஷமாகத் தினமும் காலையில் என்ன நினைத்துப் படுத்திருந்தது என்பதையும் சொன்னது. தொடுதல் என்றால் உப்பும் அழுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த பூச்சு, முழுக்கக் கேட்டது.

"அவர் வந்தால் நான் தடுக்கமாட்டேன்" என்றது அது. "எவ்வளவு முடியுமோ அவ்வளவு விலகிக்கொள்கிறேன்." சொன்னபடியே, உரிந்த இடத்தின் ஓரங்களில் தன் பிடியை விட்டது. பிளேடுக்கே அசையாத பூச்சு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டு பின்வாங்கியது.

தேர்தல் முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் வந்தது ராமாத்தாள். ஏட்டம்மா நம்பரைப் படிக்க வாயெடுத்தார்.

"நம்பரெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு" என்று ராமாத்தாள் பீரோவுக்குள் கைவிட்டு, பார்க்காமலே தன்னுடையதை எடுத்தாள். "வாடா கழுதை. ரெண்டு மாசமா நீ இல்லாம கடலைக்காட்டுல என்னைய ஒரு குரங்குகூட மதிக்கல." சொல்லிக்கொண்டே தோளில் போட்டுக்கொண்டாள். போகும்போது ஒற்றைக்குழல், "உன் ஆள் வந்துவிட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

சென்னியப்பன் சௌந்தரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இளைத்திருந்தார்.

"எப்படிங்ணா இருக்குது தோட்டம்?" என்றார் ஏட்டம்மா.

"கேக்காதீங்க" என்றாள் சௌந்தரம். "பாதி வாழை போச்சு. இவரு தெனமும் காத்தால எந்திரிச்சு வெறும் பீரோவத் தொறந்து பாத்துட்டு உக்காந்திருக்காரு."

துப்பாக்கி அதைக் கேட்டது. வெறும் பீரோவைத் திறந்து பார்த்தாராம். அதற்கு இரும்பெல்லாம் இளகிப்போயிற்று.

சென்னியப்பன் ரசீதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். மல்வேட்டியைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டம்மா, யாரோ கை வெச்சிருக்காங்க."

"யாருங்ணா வெப்பாங்க? பூட்டுன பீரோவை நான் இன்னைக்குத்தான் தொறக்கிறேன்."

"இங்க பாருங்க. வெரல் பதிஞ்சு துரு ஏறியிருக்குது."

ஏட்டம்மா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அன்னைக்கு இதே மேஜைல உக்காந்து சொரண்டுனது யாருங்ணா? உங்க வெரல வெச்சுப் பாருங்க."

சென்னியப்பன் கட்டைவிரலை வைத்தார். சுழியின்மேல் சுழி உட்கார்ந்தது. தழும்பின்மேல் தழும்பு உட்கார்ந்தது.

"அட" என்றார். விரலை அவர் எடுக்கவில்லை. பூச்சு மூச்சுக் காட்டாமல் ஒதுங்கி இருந்தது. துரு அசையவில்லை. அவர் விரலின் சூடு இரும்பில் ஏறி, எண்களைத் தாண்டி, கட்டைவரைக்கும் போனது.

"அதான் கோடு விழுந்தாச்சே, இனி என்னங்க?" என்றாள் சௌந்தரம், வழக்கமான கேலி இல்லாமல். "தோள்ல வெச்சுப் பாருங்க. வாங்குன அன்னைக்கு வெச்சீங்களாமா. நான்தான் பாக்கல."

சென்னியப்பன் துப்பாக்கியைத் தூக்கினார். கட்டை இடுப்பைத் தாண்டியது, மார்புக்கு வந்தது. அன்று முகச்சவரம் செய்யாமல் வந்திருந்தார். துப்பாக்கிக்கு அந்தத் தாடி தெரிந்தது, மூச்சு தெரிந்தது. இன்னும் ஒரு சாண்.

அங்கே நிறுத்தினார். கட்டைவிரலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலில் பழுப்பாகத் துரு ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். துப்பாக்கியை இறக்கி, சுருண்டு கிடந்த பூச்சின் ஓரத்தை நகத்தால் நெருடினார். பிறகு மல்வேட்டியை அதன்மேல் சுற்றினார், இரண்டு சுற்று அதிகமாக.

"பச்சப் புள்ளைய இப்படி விட்டுட்டனே" என்றார். "நேரா கோட்டிங் கடைக்குப் போயிரலாம் சௌந்தரம். அந்தத் துருவ ஒட்டத் தேய்ச்சு எடுத்துட்டு, நம்பர மட்டும் விட்டுட்டு, மிச்சத்துக்கெல்லாம் இந்தத் தடவ அஞ்சு கோட்டு அடிச்சிரலாம்."

அதை அவர் அவ்வளவு பிரியமாகச் சொன்னார்.